புனேக் குப்பி

4120இசட்001, 4120இசட்002, 4120இசட்003. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாராகி பிரிட்டனுக்குப் போன கொரோனா தடுப்பூசிக் குப்பிகளின் பேட்ச் எண்கள் இவை. லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் அச்சாகும் இந்த மாதிரி எண்ணைக் கிடங்குக்காரரும் நர்ஸும் தவிர யாரும் பார்ப்பதில்லை. 2021 ஜூலையில் மான்செஸ்டர் விமான நிலையத்தில் பார்த்தார்கள். இரண்டு டோஸும் போட்டு முடித்து, மால்டா தீவுக்கு விடுமுறை போகக் கிளம்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் சிலரை அந்த எண்ணைக் காட்டியே விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள்.

அவர்கள் உடம்பில் ஏறியது கலப்பட மருந்து அல்ல, காலாவதியானதும் அல்ல. அவர்களுடைய அரசே வாங்கி, பரிசோதித்து, இலவசமாகப் போட்டது. அதே ஆலையின் மருந்தைப் போட்டுக்கொண்ட இந்தியர்களை, மூன்று மாதம் கழித்து, தடுப்பூசியே போடாதவர்கள் என்று கணக்கில் வைத்தது அதே பிரிட்டிஷ் அரசு. மருந்துக்குள் இருந்தது மாறவில்லை. குப்பி எந்த ஊரில் நிரம்பியது, யார் தோளில் ஏறியது, சான்றிதழில் எந்த நாட்டு முத்திரை விழுந்தது என்பவைதான் மாறின. எல்லைக் கதவுகள் அவற்றைப் பார்த்தே திறந்தன, மூடின.

குப்பியின் பூர்வீகம் இங்கிலாந்து. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னர் இன்ஸ்டிடியூட்டில் சாரா கில்பர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் சிம்பன்சிகளிடம் காணப்படும் ஓர் அடினோவைரஸை எடுத்து, அது உடம்புக்குள் பெருக முடியாதபடி செய்து, கொரோனாவின் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவை அதில் ஏற்றினார்கள். 2020 ஏப்ரலில் ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றது. பெருந்தொற்று நீடிக்கும்வரை லாபம் வைக்க மாட்டோம் என்றும் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூனில் சீரம் இன்ஸ்டிடியூட்டுடன் ஒப்பந்தம் ஆனது. ஏழை நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் 100 கோடி டோஸ் தயாரித்துத் தருவது புனேயின் வேலை. ஆக, ஆரம்பத்திலேயே இந்த மருந்துக்கு இரண்டு வழிகள் போடப்பட்டுவிட்டன. பணக்கார நாடுகளுக்கு ஐரோப்பிய ஆலைகள், மற்றவர்களுக்குப் புனே. பின்னால் வந்த வம்புக்கெல்லாம் விதை இந்தப் பிரிவில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

5 மில்லி கொண்ட சிறு கண்ணாடிக் குப்பி, அதில் 10 டோஸ். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்து ஐஸ் பெட்டிக்கு ஏற்ற மருந்து. ஃபைசர் மருந்துக்கு அப்போது மைனஸ் 70 டிகிரி தேவைப்பட்டது. உலகின் பெரும்பகுதிக்கு எட்டக்கூடிய தடுப்பூசி என்று இதைச் சொன்னதில் மிகை இல்லை.

2020 டிசம்பர் 30 அன்று பிரிட்டன் அனுமதி தந்தது. 2021 ஜனவரி 3 அன்று இந்தியா தந்தது. மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டின் சர்ச்சில் மருத்துவமனையில் 82 வயது முதியவர் ஒருவர், பரிசோதனைகளுக்கு வெளியே இந்த மருந்தைப் போட்டுக்கொண்ட முதல் மனிதரானார். ஜனவரி 12 அன்று புனே ஆலையிலிருந்து பூஜை போட்டு லாரிகள் கிளம்பின. தமிழ்நாட்டுக்கான முதல் பங்கு, 5,36,500 டோஸ், அன்றே சென்னையில் விமானத்தில் வந்து இறங்கியது. ஜனவரி 16 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தமிழக முகாம் தொடங்கியது. இந்தியாவில் இந்தக் குப்பிக்குப் பெயர் கோவிஷீல்டு. ஐரோப்பாவில் வாக்ஸ்செவ்ரியா.

பிப்ரவரி 15 முக்கியமான நாள். அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிஷீல்டைத் தன் அவசரகாலப் பட்டியலில் சேர்த்தது. கொரியாவில் தயாரான ஆஸ்ட்ராஜெனகா மருந்தும் அன்றே சேர்ந்தது. இந்த ஆலையையும் மருந்தையும் ஆராய்ந்துவிட்டோம், உலக நாடுகள் நம்பிப் போடலாம் என்பதே அதன் பொருள். ஒன்பது நாளில், ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் கோவாக்ஸ் திட்டத்தின் முதல் சரக்காக 6 லட்சம் டோஸ் கானாவின் அக்ரா நகரில் இறங்கியது. அதற்கும் முன்பே, ஜனவரி 28 அன்று, 5 லட்சம் டோஸ் கொழும்புக்கு நன்கொடையாகப் போயிருந்தது.

பிரிட்டனும் புனேயிடம் வந்தது. தன் பங்கு போதாமல் ஒரு கோடி டோஸ் கேட்டது. அதன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புனே ஆலையைத் தணிக்கை செய்து ஒப்புதல் தந்தது. மார்ச்சில் 50 லட்சம் டோஸ் போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் சொன்ன மூன்று பேட்ச் எண்களும் இந்த வழியில் போனவைதான். அந்தச் சமயம் இந்தியாவில் முன்களப் பணியாளர்களும், 60 வயதைத் தாண்டியவர்களும், 45 தாண்டிய நோயாளிகளும் மட்டுமே ஊசி போட முடிந்தது. ஏழை நாடுகளுக்கென்று ஒதுக்கிய ஆலை பணக்கார நாட்டின் பற்றாக்குறையையும் தீர்த்துக்கொண்டிருந்தது. அதன்பின் இரண்டாம் அலை வந்தது. ஏற்றுமதி நின்றது. பிரிட்டனுக்கு மீதி 50 லட்சம் போகவில்லை. கோவாக்ஸை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகவில்லை. முதல் டோஸ் போட்ட லட்சக்கணக்கான இலங்கை மக்கள் இரண்டாம் டோஸுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலை கடைசியில் ஜப்பான் கொடுத்த ஆஸ்ட்ராஜெனகாதான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

இதற்கிடையில் எல்லைகள் இறுகின. ஏப்ரல் 19 அன்று இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்ப்பதாக பிரிட்டன் அறிவித்தது. நடைமுறைக்கு வந்தது 23ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு. நடுவில் கிடைத்த நாட்களில் டிக்கெட் கிடைத்தவர்கள் பறந்தார்கள். கிடைக்காதவர்களில் பிரிட்டிஷ் குடிமக்களும் அங்கே வசிக்கும் உரிமை உள்ளவர்களும் மட்டும் போகலாம். அதுவும் அரசு நியமித்த ஹோட்டலில் 10 நாள் அடைந்து கிடக்க வேண்டும். அதற்குத் தலைக்கு 1,750 பவுண்டு, ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். ஆகஸ்டில் அது 2,285 பவுண்டு ஆனது. அம்மாவின் இறுதிச் சடங்குக்காகச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்துவிட்டு ஈஸ்ட் ஹாமுக்குத் திரும்ப வேண்டிய லண்டன்வாசிக்கும் இதே தொகை. இலங்கையும் ஜூன் 8 முதல் அந்தப் பட்டியலில் இருந்தது.

அந்த ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வருபவர்களைத் தனிமைப்படுத்தியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். டெல்டா வகை வைரஸ் பரவிக்கொண்டிருந்தது. சுடுகாடுகளில் இடம் இல்லை. தொற்று மிகுந்த இடத்திலிருந்து வருபவரைச் சில நாள் தனியே வைப்பது மருத்துவம் நூற்றாண்டுகளாக ஒப்புக்கொண்ட முறை. பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் ஏப்ரல் 9 அன்றே சேர்த்தவர்கள் இந்தியாவுக்கு இரண்டு வாரம் ஏன் காத்திருந்தார்கள் என்று பிரிட்டனின் எதிர்க்கட்சியினரே கேட்டார்கள். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சனின் டெல்லிப் பயணம் ரத்தானதும் அந்த ஏப்ரல் 19 அன்றுதான். கட்டணம் விதித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊரைக் காப்பாற்றுவதற்காக ஒருவரை அடைத்துவைத்தால் அந்தச் செலவு ஊருடையது. அடைபட்டவர் தலையில் அதைக் கட்டுவது, பணம் இருப்பவருக்கு மட்டும் பயணம் என்று சொல்வதற்குச் சமம்.

அப்படிச் சொல்லாமல் சொன்னதை ஜூன் மாதக் கடைசியில் வெளிப்படையாகவே சொன்னார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் உயர் அதிகாரிகள், தங்கள் வருகையால் பிரிட்டிஷ் பொருளாதாரத்துக்குக் கணிசமான நன்மை உண்டு என்று காட்டினால், இங்கிலாந்தில் தனிமைப்படுத்தல் இல்லாமல் வேலை பார்க்கலாம். குறைந்தது 500 பேருக்கு வேலை தரும் கம்பெனியாக இருக்க வேண்டும் என்பது போன்ற அளவுகோல்கள். சிவப்பு நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, சிவப்பைவிடக் கெடுபிடி குறைந்த மஞ்சள் பட்டியல் நாடுகளுக்கு உண்டு. வெம்ப்ளியில் நடந்த ஐரோப்பியக் கால்பந்து அரையிறுதிகளுக்கும் ஜூலை 11 இறுதி ஆட்டத்துக்கும் வந்த கால்பந்துச் சங்கப் பிரமுகர்கள், விளம்பரதாரர்கள் உள்ளிட்ட சுமார் 2,500 பேருக்கும் விலக்கு தரப்படுவதாகச் செய்திகள் வந்தன. வைரஸுக்குச் சம்பளப் பட்டியல் தெரியாது. கிரீஸிலிருந்து திரும்பும் பள்ளி ஆசிரியை வீட்டில் அடைந்து கிடக்கவேண்டிய அதே நாளில், அங்கிருந்தே வரும் நிறுவனத் தலைவர் கூட்டத்துக்குப் போகலாம் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. விலக்கே கூடாது என்பது என் கட்சி அல்ல. சரக்கு லாரி ஓட்டுநருக்கும், சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கப் போகிறவருக்கும், ஆஸ்பத்திரிக்கு விரையும் நோயாளிக்கும் விலக்கு வேண்டும். அங்கே தேவை பேசுகிறது.

இந்தியாவும் அந்த ஜூனில் ஒரு விலக்கு தந்தது. அதையும் பார்க்கத்தான் வேண்டும். கோவிஷீல்டின் இரண்டு டோஸுக்கு இடையே 12 முதல் 16 வாரம் என்று மே 13 அன்று இடைவெளியை நீட்டியிருந்தார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ டோக்கியோ ஒலிம்பிக்கிற்கோ போகவேண்டியவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. ஜூன் 7 அன்று, இந்த மூன்று காரணங்களுக்கு 28 நாளிலேயே இரண்டாம் டோஸ் போடலாம் என்று விதி வந்தது. சேர்க்கைக் கடிதமோ வேலை ஆணையோ காட்ட வேண்டும், சான்றிதழில் பாஸ்போர்ட் எண் ஏறும். வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாருக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் ஒரே விதி. அது நியாயமான விலக்கு என்பேன். ஆனால் இந்தியாவின் இன்னொரு தடுப்பூசியான கோவாக்சின் போட்டுக்கொண்டவருக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை. உலக சுகாதார நிறுவனம் நவம்பர் 3 அன்றுதான் கோவாக்சினைச் சேர்த்தது. முகாமில் அன்றைக்கு எந்தக் குப்பி இருந்ததோ அதைப் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பே இல்லாத ஒன்றுக்காக வேலையை இழந்தவர்களும் உண்டு.

ஜூலை 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை அனுமதித்த தடுப்பூசிகளுக்கு மட்டும் எல்லா உறுப்பு நாடுகளிலும் கட்டாயச் செல்லுபடி. முகமையின் அனுமதி வாக்ஸ்செவ்ரியாவுக்கு. அதிலும் அது பரிசோதித்த ஆலைகளில் தயாரானதற்கு. புனே ஆலை அதில் இல்லை, அதற்காக விண்ணப்பமே வரவில்லை என்றது முகமை. உயிரிகளைக் கொண்டு தயாரிக்கும் மருந்தில் ஆலைக்கு ஆலை சிறு வேறுபாடு வரலாம், ஆகவே ஒவ்வொரு ஆலையையும் பார்க்கவேண்டும் என்பது அதன் வாதம். மருந்தை விற்க அனுமதி தரும்போது அந்த வாதம் முழுக்கச் சரி. ஏற்கெனவே உடம்பில் ஏறிவிட்ட மருந்தை, அதுவும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் அமைப்பும் பரிசோதித்த ஆலையின் மருந்தை, எல்லையில் நின்று அளக்க அந்த வாதத்தை எடுத்தால் அது பொருந்தவில்லை. மால்டா அப்படித்தான் எடுத்தது. பிரிட்டனில் போட்டதெல்லாம் எங்கள் சான்றிதழில் வாக்ஸ்செவ்ரியா என்றே வரும், கோவிஷீல்டு இங்கே யாருக்கும் போடப்படவில்லை என்று லண்டன் விளக்கம் தந்தது. ஆனாலும் பேட்ச் எண் காட்டிக்கொடுத்தது. புனேக் குப்பி காரணமாக யாருக்கும் பயணத் தடை வரும் என்று தமக்குத் தோன்றவில்லை என்று ஜூலை 2 அன்று ஜான்சன் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் மால்டா இறங்கிவந்தது.

மால்டா இறங்கிவந்தது பிரிட்டிஷ்காரர்களுக்காக. கானாவிலோ கென்யாவிலோ அதே குப்பியைப் போட்டவர்களுக்காக யார் தொலைபேசியை எடுத்தார்கள்? ஆப்பிரிக்க ஒன்றியம் கண்டித்தது. உலகை இரண்டு அடுக்காகப் பிரிக்கும் ஏற்பாடு இது என்று கோவாக்ஸ் எச்சரித்தது. பல ஐரோப்பிய நாடுகள் தாங்களாகவே கோவிஷீல்டை ஏற்றன. சில ஏற்கவில்லை. பாரிஸில் செல்லாதது பெர்லினில் செல்லும் என்ற நிலை சில வாரம் நீடித்தது.

இந்தியா சிவப்புப் பட்டியலிலிருந்து நீங்கிய பிறகு, செப்டம்பர் 17 அன்று பிரிட்டன் புதிய பயண விதிகளை அறிவித்தது. அக்டோபர் 4 முதல் முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தல் இல்லை. யார் முழுத் தடுப்பூசி போட்டவர்? ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் முன்பே உண்டு. அந்த நாடுகளின் சுகாதாரத் துறை போட்ட ஊசிதான் ஊசி. பட்டியலில் இந்தியா இல்லை. ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து ஒரு நாடுகூட இல்லை. கென்யாவுக்கு ஜூலைக் கடைசியில் ஆஸ்ட்ராஜெனகா மருந்தை நன்கொடையாக அனுப்பியதே பிரிட்டன்தான். அந்த மருந்தைப் போட்ட கென்யரும் லண்டனில் ஊசி போடாதவர்.

டெல்லியில் வெளியுறவுச் செயலர் ஹர்ஷ் வர்தன் ஷ்ரிங்லா இது பாரபட்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நியூயார்க்கில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பிரிட்டிஷ் அமைச்சர் லிஸ் டிரஸ்ஸிடம் பேசினார். காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் தம் கேம்பிரிட்ஜ் நிகழ்ச்சியை ரத்து செய்தார். செப்டம்பர் 22 அன்று திருத்தம் வந்தது. கோவிஷீல்டு ஏற்கத்தக்க மருந்துதான் என்று எழுத்தில் சேர்த்தார்கள். ஆனால் இந்தியா பட்டியலில் சேரவில்லை. மருந்தில் பிரச்சினை இல்லை, சான்றிதழில்தான் என்றார்கள். இந்தியாவின் கோவின் தளம் தரும் சான்றிதழில் பிறந்த தேதி இல்லை, வயது மட்டும் இருக்கிறது என்று ஒரு குறை. அதை இந்தியா சில நாளில் சரிசெய்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். போலிச் சான்றிதழ் நிஜமான கவலை. எந்த அரசும் அதைக் கேட்கலாம். கோவின் சான்றிதழில் க்யூஆர் கோடு உண்டு. போனை நீட்டினால் அது அசலா என்று தெரிந்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 முதல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட அமெரிக்கச் சான்று என்ன? நோய்த் தடுப்பு மையத்தின் பெயர் அச்சிட்ட ஒரு காகித அட்டை. மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். க்யூஆர் கோடு கிடையாது. கூடவே அமெரிக்காவில் வசிப்பதற்கு ஓர் அத்தாட்சி காட்டினால் போதும். கையால் எழுதிய அட்டையை நம்பி, கணினி சரிபார்க்கும் சான்றிதழைச் சந்தேகித்த அரசுக்கு மோசடி பற்றிய கவலைதான் முதன்மையானது என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தச் செப்டம்பரில் இரு நாடுகளிலும் தினசரித் தொற்று 30 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. பிரிட்டனின் மக்கள்தொகை ஏழு கோடிக்கும் குறைவு. எங்கே நோய் அடர்ந்திருந்தது என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

அடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் மாணவர்கள். கல்லூரி திறக்கும் மாதம் அது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, 28 நாள் விலக்கில் அவசரமாக இரண்டாம் டோஸ் போட்டு, பாஸ்போர்ட் எண் ஏறிய சான்றிதழுடன் போனவர்கள். ஊசி போடாதவர் விதிப்படி கிளம்புவதற்குமுன் ஒரு பரிசோதனை, போய் இறங்கியபின் இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் சொந்தச் செலவில் பிசிஆர், பத்து நாள் அறைக்குள்.

அக்டோபர் 4 அன்று இந்தியா பதிலடி கொடுத்தது. பிரிட்டனிலிருந்து வரும் பிரிட்டிஷ் குடிமக்கள், எத்தனை ஊசி போட்டிருந்தாலும், பத்து நாள் தனிமையில் இருக்க வேண்டும், வந்ததும் எட்டாம் நாளும் பரிசோதனை. மூன்றே நாளில் பலன் கிடைத்தது. அக்டோபர் 7 அன்று பிரிட்டன் மேலும் 37 நாடுகளையும் பிரதேசங்களையும் சேர்த்தது, இந்தியா உட்பட. 11ஆம் தேதி முதல் கோவிஷீல்டு போட்ட இந்தியர் தனிமைப்படுத்தல் இல்லாமல் வெளியே போகலாம். இந்தியாவும் தன் பதிலடியைத் திரும்பப் பெற்றது.

இதை வெற்றி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. இந்தியா திருப்பி அடித்தபோது அடிபட்டது லண்டன் அரசு அல்ல. நோயில் கிடக்கும் அப்பாவைப் பார்க்கக் கோவைக்கு வந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர். மேலும், திருப்பி அடிக்கும் வலு உள்ள நாட்டுக்குத்தான் இந்த வழி திறக்கும். சந்தை பெரியதாக இருக்கவேண்டும், வெளியுறவு அமைச்சர் சொல்லுக்கு மதிப்பு இருக்கவேண்டும். மலாவி என்ன செய்யும்? அங்கே போட்ட குப்பியும் கோவாக்ஸ் வழியாகப் புனேயிலிருந்து போனதுதான்.

சரியான அளவுகோல் கையில் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்கா போகும் தமிழர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு வாங்கும் அட்டையை உலகின் எந்த விமான நிலையமும் கேள்வி கேட்பதில்லை. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின்படி, உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட தடுப்பூசியாக இருக்கவேண்டும், அங்கீகரித்த மையத்தில் போட்டிருக்கவேண்டும். அவ்வளவுதான். போட்ட நாடு ஏழையா பணக்காரனா என்று அட்டையில் பத்தி இல்லை. அதே ஒழுங்குவிதிகளின் 42ஆம் பிரிவு, சுகாதார நடவடிக்கைகளைப் பாரபட்சம் இல்லாமல் எடுக்கவேண்டும் என்கிறது. 2021 முழுக்க அந்தப் பிரிவு காகிதத்திலேயே கிடந்தது.

சவூதி அரேபியா வேறொரு கோடு போட்டது. கோவிஷீல்டை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தியாவிலிருந்து நேரே வரக்கூடாது, வேறொரு நாட்டில் 14 நாள் கழித்துவிட்டு வரவேண்டும். ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போன தொழிலாளிகள் மாலத்தீவிலும் நேபாளத்திலும் அறை எடுத்துக் காத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் நேபாளம் அந்த வழியை அடைத்தது. ஆகஸ்டில் விதி தளர்ந்தபோது, சவூதியிலேயே இரண்டு டோஸும் போட்டவர்கள் நேரே திரும்பலாம் என்றார்கள். விடுப்பில் ஊருக்கு வந்தபோது அரசு முகாமில் போட்டுக்கொண்டவர்கள் டிசம்பர் 1 வரை சுற்றுவழியில்தான் போகமுடிந்தது. மாதச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு அந்தச் சுற்றுவழியில் கரைந்தது. லண்டன் சர்ச்சைக்குச் செலவான மையில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தக் கதைக்குச் செலவாகவில்லை.

நவம்பர் 22 அன்று பிரிட்டன் உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் உள்ள கோவாக்சின், சைனோவாக், சைனோஃபார்ம் தடுப்பூசிகளையும் ஏற்றது. பிப்ரவரி 15 அன்றே கோவிஷீல்டு அந்தப் பட்டியலில் இருந்தது. எல்லா நாடுகளும் அன்றே அதை அளவுகோலாக எடுத்திருந்தால் மான்செஸ்டரில் யாரையும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம், எந்த மாணவரும் அறையில் பத்து நாள் கிடந்திருக்க வேண்டாம். 2022 மார்ச் 18 அன்று பிரிட்டன் கொரோனா பயண விதிகள் எல்லாவற்றையும் நீக்கியது. ஹோட்டலுக்குக் கட்டிய 1,750 பவுண்டுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் அப்போதும் இருந்தன.

குப்பி தயாராவது அதற்குமுன்பே நின்றுவிட்டது. 2021 டிசம்பரோடு கோவிஷீல்டு உற்பத்தியை நிறுத்திவிட்டதாகவும், கையிருப்பில் சுமார் 10 கோடி டோஸ் காலாவதியாகிவிட்டதாகவும் 2022 அக்டோபரில் சீரம் இன்ஸ்டிடியூட்டின் தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலா சொன்னார். உற்பத்தி நின்ற அந்த டிசம்பர் முடியும்போது, ஆப்பிரிக்கக் கண்டத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இரண்டு டோஸ் ஆகியிருக்கவில்லை.